நாற்றம் அடங்கிவிட்டால் தொட்டிக்குள் இறங்கலாமா?

கழிவுநீர்த் தொட்டிப் பணிகளில் ஈடுபடுவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும்போது, உள்ளே இறங்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று தவறாமல் கேட்பேன். "மூடியைத் தொறந்து வச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிப்போம் சார், நாத்தம் அடங்கினதும் எறங்கிடுவோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இருபது ஆண்டு அனுபவமுள்ள கொத்தனார்களும் இதையே சொல்லும்போதுதான் எனக்கு அச்சம் மிகுகிறது. ஏனெனில் அடங்கியது தொட்டியின் நாற்றமா, தம் மூக்கின் உணர்வா என்பதை அங்கே நிற்பவரால் பிரித்தறிய முடியாது.

தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிரிகள் ஆற்றல் பெறும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். உணவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்து, அவற்றை வேறொரு பொருளிடம் ஒப்படைக்கும் வழியில் வெளிப்படும் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில் சேமித்துச் செலவிடுவதே சுவாசத்தின் அடிப்படை. நம் உடலில் அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்வது ஆக்சிஜன். அதற்காகத்தான் மூச்சு விடுகிறோம். பாக்டீரியாக்களிலும் பல ஆக்சிஜனையே முதலில் நாடும், ஏனெனில் அதில்தான் வரவு அதிகம்: ஆக்சிஜனுடன் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும் என்றால், எலக்ட்ரான்களை ஏற்க வெளிப்பொருள் எதுவும் இல்லாமல் உணவைச் சிதைக்கும் வெறும் நொதித்தலில் கிடைப்பது 2 மட்டுமே.

மூடிய தொட்டியில் நீரிலுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. நீருக்கு மேலே தேங்கிய காற்றிலும் அது குறைந்துகொண்டே போகிறது. அடுத்து நைட்ரேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அதுவும் தீர்ந்தபின் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் டீசல்ஃபோவிப்ரியோ போன்றவற்றின் காலம் தொடங்குகிறது. அவற்றுக்கு வேண்டிய சல்ஃபேட் சிறுநீரிலும் சோப்புத்தூளிலும் உவர் நிலத்தடி நீரிலும் தாராளமாக உண்டு. நாம் ஆக்சிஜனை நீராக்குவதுபோல அவை சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றி வெளியே விடுகின்றன. கரியமில வாயுவை மீத்தேனாக மாற்றிப் பிழைக்கும் உயிரிகளும் அதே கசடில் இருக்கின்றன.

நம் உயிரணுக்களில் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கடைசியாகச் சேர்ப்பிக்கும் நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை ஹைட்ரஜன் சல்ஃபைடு முடக்கிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழத் தெரிந்த ஓர் உயிரின் கழிவு, ஆக்சிஜன் இல்லாமல் வாழ முடியாத உயிரின் சுவாசச் சங்கிலியை அதன் கடைசிக் கண்ணியில் அறுக்கிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தாலும் உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த முடியாது.

காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே கூமுட்டை நாற்றம் தெரியும். 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1000 பங்கில் ஓரிரு மூச்சே போதும். வாயுவின் பெரும்பகுதி கசடிலும் நீரிலும் கரைந்திருப்பதால், குலுக்கிய சோடாவிலிருந்து பொங்குவதுபோல, ஒருவர் காலை வைத்துக் கலக்கிய கணத்தில்தான் அது வெளிப்படுகிறது. ஆகவே மேலிருந்து ஒருமுறை அளந்துவிட்டு இறங்குவதும் போதாது; வாயுவை அளக்கும் கருவி இறங்குபவரின் உடலோடு இருந்து தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

நச்சு வாயு இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இதைவிடக் கேடு. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் இடத்திலும் சுடர் எரியும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அந்தச் சுடரே வெடிப்புக்குக் காரணமாகும். (பழைய கான்கிரீட் மூடிகளின் அடிப்பக்கம் மாவாக உதிர்வதற்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடே மூலம். மூடியின் ஈரத்தில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனோடு சேர்த்துக் கந்தக அமிலமாக்கி ஆற்றல் பெறுகின்றன. அத்தகைய மூடியின்மேல் ஏறி நிற்காதீர்கள்.)

பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளும் பணியில் ஆட்களை அமர்த்துவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கூலி பேசி ஆளை அழைத்துவரும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. உறிஞ்சு லாரி வைத்துச் செய்யக்கூடிய வேலைக்கு மனிதர் இறங்கவே தேவையில்லை.

ஒருவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், அவரைத் தூக்குவதற்காக உடன் வந்தவர் இறங்குவதும், அவர் திரும்பாததால் மூன்றாமவர் இறங்குவதும் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. ஈரத் துண்டை முகத்தில் கட்டுவது இந்த வாயுவைத் தடுக்காது. தீயணைப்பு மீட்புப் படையை 101 எண்ணில் அழையுங்கள். காற்று உருளையும் முகக்கவசமும் அணிந்து இறங்க அவர்களால் முடியும். அவர்கள் வரும்வரை எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, காற்றூதி இருந்தால் தள்ளி நின்று உள்ளே காற்றைச் செலுத்தலாம். விழுந்தவரின் உடலில் வார்ப்பட்டையும் கயிறும் இருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். யாரும் இறங்க நேராது.