சைட்டேஷன்: மேற்கோளா, சான்று சுட்டலா?

ஆய்வுக் கட்டுரையில் ஒரு தகவல் எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடுவதை ஆங்கிலத்தில் 'சைட்டேஷன்' என்பார்கள். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் 'மேற்கோள்' என்று எழுதிவிடுகிறோம். அது பாதிதான் சரி. மேற்கோள் என்றதும், இன்னொருவர் சொன்னதை இரட்டைக் குறிக்குள் அப்படியே எடுத்துப் போடுவதுதான் நினைவுக்கு வரும். மருத்துவக் கட்டுரைகளில் அது அபூர்வம். தகவலைச் சொந்த நடையில்தான் எழுதுவார்கள். 'வாக்கியம் என்னுடையதுதானே, எதற்கு மேற்கோள்?' என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. வாக்கியம் யாருடையதாக இருந்தாலும் தகவல் வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

லத்தீனில் 'சிட்டாரே' என்றால் அழைப்பது, வரவழைப்பது. நீதிமன்றத்துக்கு ஆளை அழைக்கும் ஆணைக்கும் ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்ற பெயர் உண்டு. சாட்சியை முன்னே நிறுத்தும் இந்தப் பொருளுக்கு நம்முடைய 'சான்று' நன்றாகப் பொருந்துகிறது. ஆகவே 'சான்று சுட்டல்' என்பதே என் தேர்வு. பிறர் சொன்னதை அப்படியே எடுத்துப் போடும் 'கொட்டேஷனுக்கு' மேற்கோளை வைத்துக்கொள்ளலாம். சுட்டும் வழக்கம் நமக்குப் பழையதுதான். தொல்காப்பியர் 'என்மனார் புலவர்' என்று முன்னோரைச் சுட்டுகிறார், பெயர் சொல்லாமல்.

சான்று என்றால், அது உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே பத்தியில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்து போதை தரும் வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாத 4 பேர்தான் தெளிவாக அதற்கு அடிமையானார்கள் என்றது அது. 2017இல் அதே இதழில் வந்த ஆய்வு, அந்தக் கடிதத்தை 608 வெளியீடுகள் சுட்டியிருந்ததைக் கண்டறிந்தது. அவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம், அவர்கள் உள்நோயாளிகள் என்பதையே குறிப்பிடவில்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இப்படிச் சுட்டியதும் சேர்ந்துதான் அமெரிக்காவில் அந்த மாத்திரைகள் தாராளமாக எழுதப்பட வழிவிட்டது. கடிதத்தைத் திறந்து படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சுட்டும் வடிவம் இதைவிட எளிது. 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது வான்கூவர் முறை. கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட்டு, கடைசியில் அதே வரிசையில் விவரம் தர வேண்டும். ஒரே மூலம் மறுபடி வந்தால் பழைய எண்தான்.

கடைசியில் வரும் அந்தப் பட்டியலை இலங்கையில் 'உசாத்துணை' என்பார்கள். உசாவுதல் என்றால் கேட்டறிதல். அழகான சொல், தமிழ்நாட்டிலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.