பாஸ்டன் துறைமுகக் கரைக்குப் போகும் வழி: ‘சாப்டர் 91’ தரும் உரிமை

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டி இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல். சேறும் தண்ணீருமாகக் கிடந்ததில் மண்ணைக் கொட்டி, கரையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்த்தான் அந்த நகரம் வளர்ந்தது. மசாசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி, கடலாக இருந்த நிலத்தின் மீது மக்களுக்கு இருந்த உரிமை, மண் கொட்டி மேடாக்கிவிட்டதால் மட்டும் போய்விடாது. அந்த உரிமையைக் காக்கிற லைசென்ஸ் முறையை அங்கே எல்லோரும் ‘சாப்டர் 91’ என்றே சொல்கிறார்கள். மாநிலப் பொதுச் சட்டத் தொகுப்பின் 91ஆம் அத்தியாயம் என்பதால் அந்தப் பெயர். 1866இலிருந்து இருக்கிற சட்டம் இது.

இதன் வேர் இன்னும் பழையது. 1640களில், குடியேற்றக் காலத்தில், படகுத்துறை கட்ட ஆள் வரவேண்டும் என்பதற்காகக் கரையோரச் சொத்துக்காரர்களுக்குக் கடல் வற்றி நிற்கும் எல்லை வரை நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். கொடுக்கும்போதே மூன்று விஷயங்களை மக்களுக்கென்று நிறுத்திவைத்துக்கொண்டார்கள்: மீன் பிடிப்பது, நீர்ப்பறவை வேட்டையாடுவது, படகில் போய்வருவது. அந்த எல்லைக்கும் அப்பால் இருப்பது மக்கள் சார்பில் அரசு பொறுப்பில் வைத்திருக்கும் இடம். அங்கே மக்களின் உரிமை இன்னும் வலுவானது.

சரி, இன்றைக்கு இதனால் என்ன கிடைக்கிறது?

அடுக்குமாடி வீடு, அலுவலகம் போன்றவற்றுக்குத் தண்ணீர் ஓரம் இருந்தே ஆகவேண்டிய தேவை இல்லை. அப்படிப்பட்ட கட்டடத்தை இந்த நிலத்தில் எழுப்ப விரும்புகிறவர், மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பதிலுக்கு அவர் மக்களுக்குச் செய்து தர வேண்டியது நிறைய. கட்டடம் எத்தனை சதுர அடியை அடைக்கிறதோ குறைந்தது அத்தனை சதுர அடி திறந்தவெளி விட வேண்டும். கரையிலிருந்து 100 அடிக்குள் 55 அடி உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது. அதைத் தாண்டி உள்ளே தள்ளிப் போகப் போக, ஒவ்வோர் அடி தூரத்துக்கும் அரை அடி உயரம் கூட்டிக்கொள்ளலாம். நகரத்துக்கென்று அங்கீகரித்த துறைமுகத் திட்டம் இருந்தால் இந்த அளவுகள் மாறலாம், ஈடாக வேறு ஏதாவது தர வேண்டியிருக்கும். கரை நெடுக நடைபாதையும் வேண்டும். பொதுவாக அதன் அகலம் 10 அடிக்குக் குறையக்கூடாது. பாஸ்டனில் சுமார் 43 மைல் நீளும் ‘ஹார்பர்வாக்’ நடைபாதையின் பல துண்டுகள் இப்படி ஒவ்வொரு லைசென்ஸாகச் சேர்ந்து உருவானவைதான்.

நடைபாதை பற்றிப் பலருக்கும் தெரியும். அதே விதியின் அடுத்த பாதி அவ்வளவாகத் தெரிவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். பக்கத்துப் பொதுத் தெருவிலிருந்து கரை நடைபாதைக்கு மக்கள் நடந்து வருவதற்கு இணைப்பு வழியும் அமைத்துத் தர வேண்டும் என்கிறது விதி. அதாவது, கரையை ஒட்டி ஓடும் பாதை மட்டும் போதாது. குடியிருப்புப் பக்கத்திலிருந்து தண்ணீரை நோக்கிக் குறுக்கே வரும் பாதையும் வேண்டும்.

இது ஏன் பெரிய விஷயம் என்பது நடந்து பார்த்தால் புரியும். நாலு தெரு தள்ளி வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் அம்மா, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கரைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு முடிகிற இடத்தில் சுழல் கதவு, உள்ளே பளபளக்கும் வரவேற்பறை, சீருடையில் ஒருவர். பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறது. ஆனால் அதன் வாயில் பூந்தொட்டிகள், எட்டிப் பார்த்தால் கார் நிறுத்துமிடம். கடல் அங்கிருந்து இருநூறு அடிகூட இருக்காது. அவர் திரும்பிப் போய்விடுவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, ஆனாலும் ‘இது நமக்கான இடம் இல்லை’ என்று அந்த இடமே சொல்லிவிட்டது.

இதற்கும் விதியில் பதில் இருக்கிறது. மக்களுக்கென்று விட்ட இடத்தில் நடமாட்டத்தைத் தடுக்கிற, தயங்க வைக்கிற மாதிரி கேட்டோ வேலியோ வைக்கக்கூடாது. நுழைவழிகளில் பலகை வைக்க வேண்டும். உள்ளே வர உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் பலகை ஒன்றாவது கண்ணில் படும் இடத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பலகை சின்ன விஷயம் போலத் தோன்றும். தயங்கி நிற்கிறவருக்கு அதுதான் கதவு.

இந்தச் சட்டத்தால் எல்லாம் ஆகிவிடாது. 1950களில் கட்டிய மேம்பாலச் சாலை பாஸ்டனின் மையப் பகுதியையும் நார்த் எண்ட் என்ற பழைய குடியிருப்புப் பகுதியையும் கரையையும் பல்லாண்டு பிரித்தே வைத்திருந்தது. அந்தப் போக்குவரத்தைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே இருந்ததை இடித்து, 2008இல் ஒன்றரை மைல் நீளப் பூங்காவாக மக்களுக்குத் திறந்த பிறகுதான் கரைக்குப் போவது தெருவைக் கடக்கிற வேலையானது. அது பெரும் அரசுச் செலவில் நடந்தது. அப்புறம், 2007இல் வந்த ஒரு திருத்தம் சட்டத்தின் எல்லையையும் சுருக்கியது. கரையிலிருந்து 250 அடிக்கு மேல் உள்ளே, நடுவில் பழைய பொதுச் சாலையும் இருந்தால், மண் கொட்டிய நிலமானாலும் லைசென்ஸ் தேவையில்லை. சரியாகக் குடியிருப்பும் கரையும் சந்திக்க வேண்டிய அந்த உள்பக்கத்தில் சட்டம் கைவிட்டுவிடுகிறது என்பது என் வருத்தம்.

கையில் இருக்கும் உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? லைசென்ஸ் கேட்டு விண்ணப்பம் வந்ததும் பொது அறிவிப்பு வரும். இதுபோன்ற கட்டடங்களுக்குப் பொது விசாரணைக் கூட்டமும் உண்டு. அறிவிப்பில் கருத்துச் சொல்லக் கடைசித் தேதி போட்டிருக்கும். அதற்குள் எழுத்தில் அனுப்புங்கள். ‘எந்தத் தெருவிலிருந்து வழி வருகிறது, அகலம் என்ன, படிக்கட்டு இல்லாமல் வர முடியுமா, பலகை எங்கே’ என்று வரைபடத்தைப் பார்த்துக் குறிப்பாகக் கேளுங்கள். ‘திட்டம் பிடிக்கவில்லை’ என்ற ஒரு வரியைவிட அது நிற்கும்.

கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். துறையின் முடிவை எதிர்த்து, மாநிலத்தில் வசிக்கும் பத்துப் பேர் சேர்ந்து மேல்முறையீடு செய்யலாம். அவர்களில் ஐந்து பேராவது அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும், முடிவு வந்த 21 நாளுக்குள் போட வேண்டும். ஆனால் பத்துப் பேரும் முன்பே எழுத்தில் கருத்துக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது எழுதாதவர் பின்னால் வந்து சேர முடியாது.

கட்டி முடித்துப் பல வருடம் ஆன இடமா? அதற்கும் வழி இருக்கிறது. லைசென்ஸையும் அதன் வரைபடத்தையும் 60 நாளுக்குள் பத்திரப் பதிவகத்தில் பதியாவிட்டால் அது செல்லாது. ஆகவே பதிவான பிரதி அங்கே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரைபடத்தில் பாதை என்று கோடு போட்ட இடத்தில் இன்று பூட்டிய கேட் நின்றால், அந்தப் பக்கத்தின் பிரதியோடும் கேட்டின் புகைப்படத்தோடும் துறைக்குப் புகார் எழுதுங்கள்.