வலி போச்சு, சரி. ஜவ்வு ஆறிடுச்சா?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். டென்னிஸ் எல்போவுக்கு (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் நைந்து வலிப்பது) முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி. நாலாம் நாள் தங்கை வீடு மாற்றப் போய், கட்டில், பீரோ எல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறார். "வலியே இல்ல சார், அதான்..." பத்தாம் நாள் பிசியோதெரபிஸ்டான என் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுக்கப் போகிறார். பாதியிலேயே இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார். அப்புறம் கேட்கிறார்: "ஊசி வேலை செய்யலையோ?"

ஐயா, ஊசி நன்றாகவே வேலை செய்தது. அதனால்தான் பீரோவைத் தூக்க முடிந்தது.

வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன். ஊசி வலியின் வாயைத்தான் அடைக்கிறது. நைந்த தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார், பேச்சில் ஜவ்வு) அப்படியேதான் இருக்கிறது. ஊசி போட்ட அன்றைக்குக் கிடைக்கும் சுகம் பெரும்பாலும் கூடவே கலந்த மரப்பு மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அன்றிரவோ மறுநாளோ சிலருக்கு முன்பைவிட அதிகமாகக்கூட வலிக்கும். பிறகுதான் ஸ்டீராய்டு பிடிக்கும். ஆனால் அதே ஸ்டீராய்டு, தசைநாணின் நார்கள் புதிதாக உருவாவதையும் கொஞ்ச நாள் மட்டுப்படுத்துகிறது. ஆக, வலி மிகக் குறைவாக இருக்கும் அந்த முதல் இரண்டு வாரம்தான் நார் நோஞ்சானாக இருக்கும் காலமும். அப்போது போய் பலத்தைச் சோதித்துப் பார்க்கிறோம்!

ஆஸ்திரேலியாவில் 198 டென்னிஸ் எல்போ நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிசியோதெரபி செய்தவர்களுக்கு மட்டுமல்ல, சும்மா பொறுத்திருந்தவர்களுக்கும் பின்னால் இருந்தார்கள். (ஊசி போடும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வலியால் பயிற்சியே தொடங்க முடியாதவரை நானே உங்களிடம்தான் அனுப்புகிறேன்.)

பிஆர்பி (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா) ஊசி போட்டவர்கள் கதை நேர் எதிர். நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்கள் (பிளேட்லெட்) அங்கே ஆறுவதைத் தூண்ட வேண்டுமென்றே ஒரு அழற்சியைக் கிளப்புகின்றன. சில நாள் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறதே என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற அழற்சியைக் குறைக்கும் மாத்திரை போட்டால், காசு கொடுத்துக் கிளப்பிய அழற்சியை நாமே அணைப்பதுபோல ஆகிவிடும். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே "காசு வேஸ்ட்" என்று போன் செய்யாதீர்கள்.

அதனால், கிளம்புமுன் என்ன ஊசி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "ஏதோ மூட்டு ஊசி" என்று வந்தால் நான் எதை வைத்துப் பயிற்சி கொடுப்பது?

முதல் இரண்டு நாள் அந்த மூட்டுக்கு ஓய்வு. ஓய்வு என்றால் கட்டிப்போடுவது அல்ல, வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டலாம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், தயவுசெய்து. தூக்குவது, குதிப்பது, ஓடுவது எல்லாம் இரண்டு வாரத்துக்குப் பிறகு, அதுவும் படிப்படியாக. பயிற்சியை மட்டும் விடாதீர்கள். நாரைப் பலமாக்குவது அதுதான், ஊசி அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டுக்குப் பின் சில நாள் அளவு ஏறும். தினமும் பாருங்கள், மருந்தளவை நீங்களே மாற்றாதீர்கள்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனால், மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கினால், காய்ச்சல் வந்தால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் சில நாளிலேயே மூட்டைக் கெடுத்துவிடும். நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.