எஞ்சின் காட்டும் எண்ணுக்குப் பின்னால்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். இருவரும் 6.5 புள்ளிகளில் சமம். வெள்ளைக் காய்களுடன் சீனாவின் டிங் லிரன், கறுப்பில் சென்னையின் 18 வயது குகேஷ். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல் என்றாலும் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். நேரலைத் திரைகளில் எஞ்சினின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலின், அளவுகோல் சட்டென்று கறுப்பின் பக்கம் சாய்ந்தது. நேற்றுதான் செஸ் கற்றவருக்கும் டிங் தோற்கப்போவது தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கு அது புலப்படச் சில நொடிகள் பிடித்தன. வேறொரு நகர்த்தலைத்தான் ஆட இருந்ததாக அவரே பிறகு சொன்னார்.

திரையைப் பார்த்தவர்களிடம் விடை இருந்தது, குகேஷிடம் காரணம் இருந்தது. நம் ஆட்டங்களை எஞ்சினிடம் கொடுத்துப் பார்க்கும்போது நமக்குக் கிடைப்பதும் விடை மட்டும்தான். காரணத்தை நாமே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு அது எப்படி யோசிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

எஞ்சின் செய்வது இரண்டு வேலை: அடுத்தடுத்த நகர்த்தல்களை ஆராயும் தேடல், ஒரு நிலை யாருக்குச் சாதகம் என்று எடைபோடும் மதிப்பீடு. நடு ஆட்டத்தில் ஒரு நிலையிலிருந்து ஏறக்குறைய 35 நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு 35 பதில்கள். இருவரும் ஆளுக்கு இரண்டு முறை ஆடினாலே 15 லட்சம் நிலைகள் வந்துவிடும். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை என்பதில்தான் சூட்சுமம். நான் ஒரு காயை நகர்த்துகிறேன், எதிராளியின் ஒரு பதில் என் ராணியைச் சும்மா பறித்துவிடுகிறது என்றால் அவருடைய மற்ற 34 பதில்களை ஆராய்ந்து ஆகப்போவது என்ன? அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்கும்படி வரிசை சரியாக அமைந்தால், 15 லட்சத்தில் சுமார் 2,450 நிலைகளைப் பார்த்தாலே அதே விடை கிடைக்கும். ஆல்ஃபா-பீட்டா வெட்டு என்பது இதுதான். விடையில் கடுகளவு பிழையும் சேராமல் வேலை இவ்வளவு குறைவது எனக்கு இன்றும் வியப்பு.

1997-இல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. இன்று நம் கைபேசியில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் அதைவிட மிகக் குறைவாகவே பார்க்கிறது, ஆனாலும் எந்த மனிதரையும் வெல்லும். வெட்டுவதில் வந்த கூர்மை ஒரு காரணம், மதிப்பீடு இன்னொன்று. 2018-இல் யூ நாசு என்பவர் ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக உருவாக்கிய, தரவுகளிலிருந்து நிலைகளை மதிப்பிடக் கற்கும் நியூரல் வலையமைப்பு 2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் வந்தது. ஒரு நகர்த்தலில் ஓரிரு காய்கள்தானே இடம் மாறுகின்றன? அந்த மாற்றத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்வதால் அது சாதாரணக் கணினியிலும் வேகமாக ஓடுகிறது.

இனி எஞ்சின் காட்டும் அந்த எண். கூட்டல் குறி வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் குறி கறுப்புக்கு. +1 என்றால் ஒரு சிப்பாய் லாபம் என்பது பழைய பொருள். ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து, எஞ்சினும் எஞ்சினும் மோதினால் வெள்ளை வெல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதையே +1 குறிக்கிறது. மனிதர்கள் ஆடும்போது நிலவரம் வேறு. +8 இருந்தது +5 ஆகிவிட்டதே என்று வருந்த வேண்டாம், ஆட்டம் இன்னும் உங்கள் கையில்தான். பூஜ்யத்திலிருந்து -2 ஆனதுதான் அடி. லிசெஸ் தளம் எண்ணை வெற்றி வாய்ப்புச் சதவீதமாக மாற்றி, அதில் விழும் சரிவை வைத்துப் பிழைகளைக் குறிப்பதும் இதனால்தான். முதல் நொடியில் தெரியும் எண்ணையும் நம்பிவிடக் கூடாது. எஞ்சின் எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறதோ அந்த ஆழம் கூடக் கூட அது மாறும். பலகையில் மொத்தம் 7 காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால் மட்டும் ஐயமே இல்லை. அந்த நிலைகள் எல்லாம் கடைசிவரை கணக்கிடப்பட்டு ஸிஸிஜி அட்டவணைகளில் இருக்கின்றன.

ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறக்காதீர்கள். எங்கே தடுமாறினீர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள் என்று முதலில் எழுதுங்கள். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வளரும் பருவத்தில் அவரை எஞ்சினிலிருந்து தள்ளியே வைத்திருந்தார். பிறகு எண் சரிந்த இடத்துக்குப் போங்கள். எஞ்சின் பரிந்துரைப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தால் எதுவும் தங்காது. உங்கள் தவறான நகர்த்தலையே பலகையில் ஆடி, எதிராளியின் பக்கம் எஞ்சின் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். தண்டனை எது என்று அங்கேதான் தெரியும்.

டிங்கின் நிலையில் இதைச் செய்து பாருங்கள். யானைகள் வெட்டிக்கொள்கின்றன. அடுத்து கறுப்பு பிஷப் டி5-இல் வந்து நிற்கிறது, அதற்கு ராஜா காவல். ஏ8 மூலையில் இருக்கும் வெள்ளை பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. அதையும் அடைத்தாயிற்று. பிஷப்புகளும் வெட்டுப்பட, ஒரு சிப்பாய்க்கு எதிராக இரண்டு. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய அந்த முடிவாட்டத்தில் வெள்ளைக்கு மீட்சி இல்லை. அந்த பிஷப்பை மூலையிலிருந்து எடுத்து வேறொரு வெள்ளைக் கட்டத்தில் வைத்து மறுபடி எஞ்சினை ஓட்டுங்கள். குற்றம் யானையுடையதா, மூலையுடையதா என்று எண்ணே காட்டிக்கொடுக்கும். ஒரு காயை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஈடான பாடம் எஞ்சினிடம் வேறு இல்லை என்பேன்.

இன்னொரு பழக்கமும் உதவும். எஞ்சினிடம் ஒரு வரிக்கு, அதாவது ஒரு நகர்த்தல் தொடருக்கு, பதில் சிறந்த மூன்று வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் +0.4, +0.3, +0.3 என்று வந்தால் பிடித்ததை ஆடலாம். முதலாவது பூஜ்யம், இரண்டாவது -3 என்றால் அங்கே ஒரே வழிதான் இருந்தது, உங்கள் கடிகார நேரம் அங்கேதான் செலவாகியிருக்க வேண்டும். முதல் வரி +1.5 தந்து பத்து நகர்த்தல் பிசகாமல் ஆடச் சொல்கிறது, இரண்டாவது +1.1 தந்து ராணிகளை மாற்றிக்கொண்டு நிம்மதியாக ஆட விடுகிறது என்றால், போட்டிப் பலகையில் தயங்காமல் இரண்டாவதையே எடுங்கள்.