பாம் பைலட்: காகித டைரியோடு போட்டி போட்ட கருவி

தொலைபேசியில் ஒருவர் கேட்கிறார்: "வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சந்திக்கலாமா?" காகித டைரி வைத்திருப்பவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து உடனே பதில் சொல்லிவிடுவார். 1990-களின் தொடக்கத்தில் வந்த கையடக்கக் கணினிகள் தோற்றது இந்த எளிய பரீட்சையில்தான். அவற்றை எடுத்து, இயக்கி, நாட்காட்டியைத் தேடிப் போவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

ஆப்பிள் 1993-இல் நியூட்டன் மெசேஜ்பேடைக் கொண்டுவந்தது. விலை 699 டாலர். நம் இயல்பான கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் என்பது அதன் பெரிய வாக்குறுதி. எழுதியது ஒன்றாகவும் திரையில் வந்தது வேறொன்றாகவும் இருந்ததால் அது கேலிக்கு ஆளானது. அதே ஆண்டு கேசியோ தயாரிப்பில் ஜூமர் என்றொரு கருவி வந்தது. அதன் மென்பொருளில் முக்கியப் பங்கு, ஜெஃப் ஹாக்கின்ஸ் 1992-இல் தொடங்கிய பாம் கம்ப்யூட்டிங்குடையது. ஜூமர் மந்தமாக இருந்தது, பருமனாகவும் இருந்தது, விற்கவில்லை. ஆனால் வாங்கிய கொஞ்சம் பேரிடம் விசாரித்தபோது பாம் நிறுவனத்துக்கு ஒன்று புரிந்தது. மேசைக் கணினிக்கு மாற்றாக இன்னொரு கணினியை யாரும் தேடவில்லை. கணினியில் இருக்கும் முகவரிகளும் சந்திப்புகளும் தங்களோடு கூடவே வர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கருவியான பைலட்டைப் பாம் தானே வடிவமைத்தது. ஹாக்கின்ஸ் முதலில் செய்தது ஒரு மரக்கட்டை. சட்டைப் பையில் நுழையும் அளவுக்கு அதை வெட்டி, நாள் முழுக்கக் கூடவே வைத்துக்கொண்டார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பார், எழுதுவதுபோல் பாவனை செய்வார். எதற்காக அடிக்கடி எடுக்கிறோம், எத்தனை தட்டலில் வேலை முடிய வேண்டும் என்பதெல்லாம் ஒரு வரி நிரல் எழுதும் முன்பே இப்படித் தெரிந்துகொண்டார். அந்தக் கட்டை இன்று கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் போட்டியாக நினைத்தது நியூட்டனை அல்ல, காகிதத்தை. பைலட்டின் ஒவ்வொரு தொழில்நுட்ப முடிவும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

1996 மார்ச்சில் பைலட் 1000 வந்தது. அப்போது பாம், மோடம் தயாரிக்கும் யு.எஸ். ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாக ஆகியிருந்தது. விலை 299 டாலர். 16 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா டிராகன்பால் சிப், 128 கிலோபைட் நினைவகம், 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு-வெள்ளைத் திரை, இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி. பட்டியலாகப் பார்த்தால் அன்றைக்கே சாதாரணம்தான். கையில் எடுத்தால் கதை வேறு.

திரைக்குக் கீழே நான்கு பொத்தான்கள்: நாட்காட்டி, முகவரிகள், செய்ய வேண்டியவை, குறிப்புகள். கருவி அணைந்திருக்கும்போது நாட்காட்டிப் பொத்தானை அழுத்தினால் கருவி விழிப்பதும் இன்றைய பக்கம் திறப்பதும் ஒரே அழுத்தலில் நடக்கும். மூன்று மணி என்ற வரியைத் தட்டி எழுதத் தொடங்கினால் போதும், சந்திப்பு பதிவாகிவிடும். "சேமி" என்று ஒரு பொத்தானே கிடையாது. புதிய பதிவு சேர்க்கும் பொத்தான் திரையில் எப்போதும் கண்முன்னே இருக்கும். அழிக்கும் வசதியோ இன்னொரு தட்டலுக்கு அப்பால் இருக்கும். சேர்ப்பது தினமும் பலமுறை செய்யும் வேலை, அழிப்பது அபூர்வம் என்பதே காரணம். எல்லா வசதிக்கும் சம இடம் தர வேண்டியதில்லை என்று துணிந்து முடிவெடுத்திருக்கிறார்கள். இன்றைய செயலிகள் பலவற்றில் இந்தத் துணிச்சலைக் காணோம்.

சரி, இவ்வளவு சின்ன சிப்பை வைத்துக்கொண்டு எப்படி உடனே திறந்தது? பதில் நினைவகத்தில் இருக்கிறது. மேசைக் கணினியில் ஒரு கோப்பு வன்தட்டில் கிடக்கும். திறக்கும்போது அதை நினைவகத்துக்கு நகலெடுக்க வேண்டும். திருத்திய பிறகு மறுபடி வன்தட்டில் எழுத வேண்டும். பைலட்டில் வன்தட்டும் இல்லை, கோப்பும் இல்லை. ஒவ்வொரு முகவரியும் ஒரு தனிப் பதிவாக நினைவகத்திலேயே நிரந்தரமாக இருக்கும், இருந்த இடத்திலேயே திருத்தப்படும். இயங்குதளமும் அடிப்படைச் செயலிகளும் 512 கிலோபைட் ரோமில், அதாவது படிக்க மட்டுமே முடிகிற நிலையான நினைவகத்தில் இருந்தன. அவையும் அங்கிருந்தபடியே ஓடின. எதையும் எங்கும் ஏற்ற வேண்டியதில்லை என்பதால் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கருவியை அணைப்பது என்பதுகூட உண்மையான அணைப்பு அல்ல. சிப் உறங்கும், நினைவகத்துக்குச் சொட்டு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் நேரத்திலும் அடுத்த தட்டல் வரும்வரை சிப் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். பின்விளக்கும் இல்லாததால் இரண்டு சிறு பேட்டரிகள் வாரக்கணக்கில் வந்தன.

திரையின் மேல் இரண்டு மெல்லிய, மின்கடத்தும் படலங்கள், நடுவே நூலிழை இடைவெளி. ஸ்டைலஸ் என்ற எழுதுகுச்சியால் அழுத்திய இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும். ஒரு படலத்தின் இரு முனைகளுக்கும் மின்னழுத்தம் கொடுத்துத் தொட்ட புள்ளியில் எவ்வளவு இருக்கிறது என்று மற்றதன் வழியாக அளந்தால் கிடைமட்ட இடம் தெரியும். பிறகு படலங்களின் வேலையை மாற்றி அளந்தால் செங்குத்து இடம் தெரியும். ஸ்டைலஸ்தான் வேண்டும் என்பதில்லை, நகமும் போதும்.

இப்போது எழுத்துக்கு வருவோம். பைலட்டில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, அதில் எழுதும் முறையான கிராஃபிட்டிதான்.

கையெழுத்தைக் கணினி படிப்பதில் இரண்டு சிக்கல்கள். ஒரே எழுத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். அதைவிடக் கடினம், ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. நியூட்டன் இரண்டோடும் நேருக்கு நேர் மோதியது. கிராஃபிட்டி இரண்டாவதை முளையிலேயே கிள்ளியது: ஓர் எழுத்துக்கு ஒரே இழுப்பு. ஸ்டைலஸ் திரையை விட்டு எழுந்தால் எழுத்து முடிந்தது. ஆங்கில ஏ எழுத்துக்குக் குறுக்குக்கோடு இல்லை. கீழிருந்து மேலேறி மறுபுறம் இறங்கினால் போதும். எஃப் எழுத்துக்கு மேலே வலமிருந்து இடமாக ஒரு கோடு, அப்படியே கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். யு-வோடு குழம்பாமல் இருக்க வி எழுத்துக்கு மேல்முனையில் சிறு வால். வடிவத்தோடு இழுக்கும் திசையும் கணக்கில் சேரும்: இடமிருந்து வலமாகக் கோடு போட்டால் இடைவெளி, வலமிருந்து இடமாகப் போட்டால் முந்தைய எழுத்து அழியும்.

எழுத்துக்கு முடிவு தெரிந்துவிட்டதால் அகலமான இடமும் தேவைப்படவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அதே சதுரத்தில் எழுதிக்கொண்டே போகலாம். அந்த இடத்தையும் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் எழுத்துக்கு, வலப்பக்கம் எண்ணுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆங்கில ஓ-வும் பூஜ்ஜியமும் ஒரே வட்டம்தான். எந்தப் பக்கம் எழுதினோம் என்பதே அதை முடிவுசெய்யும். ஊகிக்க வேண்டிய வேலை இப்படிக் குறைந்துபோனதால் 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

மனிதர்கள் ஒரு கருவிக்காகப் புதிதாக எழுதப் பழகுவார்களா என்ற சந்தேகம் நியாயமானது. 1997-இல் ஸ்காட் மெக்கென்சி, ஷான் ஜாங் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். எழுத்து அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்தவர்கள் 86 விழுக்காடு சரியாக எழுதினார்கள். ஐந்து நிமிடப் பயிற்சிக்குப் பின் 97 விழுக்காடு. ஒரு வாரம் தொடாமல் விட்டுத் திரும்பி வந்தபோதும் அதே 97.

அப்புறம் கணினியோடு இணைப்பு. பைலட்டோடு கிரேடில் என்ற சிறு தாங்கி வரும். கணினியின் சீரியல் போர்ட்டில் அதன் வயரைச் செருகியிருப்பார்கள். கருவியை அதில் நிறுத்தி ஒரே பொத்தானை அழுத்தினால் இரு பக்கமும் ஒத்துப்போய்விடும். இதற்குப் பெயர் ஹாட்சிங்க். ஒரே கணக்கு நோட்டின் இரண்டு பிரதிகளை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கடையில் வைத்துக்கொண்டு, மாற்றிய வரிகளில் மட்டும் டிக் போட்டு, இரவில் அந்த வரிகளை மட்டும் சரிபார்த்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு; கூடவே "மாறியது", "அழிந்தது" என்று சொல்லும் ஓரிரு பிட்டுகளும், அதாவது கொடி போன்ற சிறு அடையாளங்களும் உண்டு. கொடி ஏறிய பதிவுகள் மட்டும் வயரில் பயணிக்கும், முடிந்ததும் கொடி இறங்கும். ஆயிரம் முகவரியில் மூன்றுதான் மாறியதென்றால் மூன்றுதான் போகும். வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என இரண்டு கணினிகள் இருந்தால் கொடிகளை நம்ப முடியாது. அப்போது எல்லாப் பதிவுகளையும் ஒப்பிடும் மெதுவான வழிக்கு அது தானாகவே மாறும்.

ஒரே முகவரியை இரு பக்கமும் வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தால்? இரண்டு பதிவுகளையும் வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் அழித்து மறுபக்கம் திருத்தியிருந்தால் திருத்தியதே நிலைக்கும். தகவல் தொலைவதைவிட இரட்டிப்பது மேல் என்ற இந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஹாட்சிங்கை நம்பித்தான் பைலட் ஒரு பெரிய ஆபத்தையும் சுமந்தது. மின்சாரம் இருந்தால்தான் தகவலைத் தக்கவைக்கும் நினைவகத்தில் எல்லாமே இருந்ததால் பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். பேட்டரி மாற்ற ஒரு நிமிடம்போல அவகாசம்தான். அதற்குமேல் தாமதித்தால் கணினியில் இருக்கும் பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கிராஃபிட்டிக்கு வந்த ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒற்றை இழுப்பு எழுத்துகளை ஜெராக்ஸ் ஆய்வகத்தில் யுனிஸ்ட்ரோக்ஸ் என்ற பெயரில் முன்பே உருவாக்கியிருந்தார்கள். 1997-இல் ஜெராக்ஸ் வழக்குத் தொடுத்தது, 2006-இல் 2.25 கோடி டாலர் சமரசத்தில்தான் அது முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த 2003-இல் பாம் கருவிகள் கிராஃபிட்டி 2-க்கு மாறின. அதில் ஐ, கே, எக்ஸ் போன்ற சில எழுத்துகளுக்கு இரண்டு இழுப்பு. பார்க்க இயல்பான எழுத்துதான். ஆனால் பழைய சிக்கல் திரும்பிவிட்டது: ஸ்டைலஸ் எழுந்தால் எழுத்து முடிந்ததா, இன்னும் ஒரு கோடு வருமா என்று கருவி மறுபடியும் ஊகிக்க வேண்டியிருந்தது. எல் எழுதி உடனே இடைவெளிக் கோடு போட்டால் இரண்டையும் சேர்த்து, டைம் என்பதன் முதல் எழுத்தான டீ என்று எடுத்துக்கொண்டது. பழகிய பலர் பழைய கிராஃபிட்டியின் நிரல்களைத் தேடிப் பிடித்துப் புதிய கருவிகளில் ஏற்றிக்கொண்டார்கள்.