வருவதற்கு ஒரு கணக்கு, தங்குவதற்கு வேறு கணக்கு

வளர்ந்துவரும் நகரத்துக்கு ஆட்கள் ஏன் குடிபெயர்கிறார்கள் என்று கேட்டால் "வேலைக்காக" என்று உடனே பதில் வரும். தவறில்லை, ஆனால் பாதிப் பதில். வேலைக்காக வந்தவர்களில் பலர், அந்த வேலை போன பிறகும் அதே நகரத்திலேயே அடுத்த வேலையைத் தேடுகிறார்கள். சொந்த ஊருக்குப் பேருந்து ஏறுவதில்லை. அழைத்துவரும் காரணமும் பிடித்துவைக்கும் காரணமும் வேறு வேறாக இருப்பதால்தான் இப்படி நடக்கிறது.

முதலில் வருகை. நகரத்தில் வேலையில்லாதோர் ஏற்கெனவே குவிந்திருக்கும்போது மேலும் மேலும் ஆட்கள் வருவானேன் என்ற புதிருக்கு 1970-ல் ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு விடை தந்தார்கள். வருகிறவர் நகரத்துச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்தச் சம்பளத்தை, வேலை கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கிப் பார்க்கிறார். ஊரில் வருமானம் 10 அலகு, நகரத்தில் 25 என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் எதிர்பார்ப்பு 12.5. ஊரைவிட அதிகம், கிளம்பலாம். ஆட்கள் சேரச்சேர வாய்ப்பு குறையும். அது 40 சதவீதத்துக்கு இறங்கும்போது எதிர்பார்ப்பு சரியாக 10 ஆகிவிடும், வருகை நிற்கும்.

இதிலிருந்து கசப்பான ஒரு முடிவும் கிடைக்கிறது. அதே நகரத்தில் புதிதாக 100 வேலைகளை உருவாக்கினால், வாய்ப்பு மறுபடியும் 40 சதவீதத்துக்கு இறங்கும்வரை, அதாவது 250 பேர் வந்து சேரும்வரை வருகை தொடரும். வேலை பெறுவது 100 பேர். வேலையில்லாதோர் பட்டியலில் 150 பேர் கூடிவிடுவார்கள். நகரத்தில் மட்டும் வேலை பெருக்கினால் வேலையின்மை தீரும் என்று நினைக்கும் திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். ஊர் வருமானத்தை 10-லிருந்து 12-ஆக உயர்த்துவதும் நகரத்து வேலையின்மையைக் குறைக்கும் வழி என்பதைத் திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

வயதும் இந்தக் கணக்குக்குள் வரும். குடிபெயர்வு ஒரு முதலீடு என்று 1962-லேயே லாரி ஸ்யாஸ்டாட் எழுதினார்: செலவு இன்றைக்கு, வரவு ஆண்டுக்கணக்கில். குடிபெயரும் செலவு 30 அலகு, ஆண்டுக்கு மிச்சம் 3 என்றால் போட்டதை எடுக்கவே 10 ஆண்டு ஆகும். 60 வயதுவரை உழைப்பதாகக் கொண்டால் 22 வயதுக்காரருக்கு இன்னும் 38 ஆண்டு இருக்கிறது. 52 வயதுக்காரருக்கு எட்டே ஆண்டு, கை நட்டம். உலகெங்கும் குடிபெயர்வோரின் வயதை வரைபடமாக்கினால் இருபதுகளில் ஒரு செங்குத்தான முகடு எழுவதற்கு இது முக்கியக் காரணம். அந்த வரைபடத்தில் கைக்குழந்தைகளின் பக்கமும் ஒரு சிறு மேடு தெரியும். அவர்கள் பெற்றோரோடு வருகிறவர்கள். பள்ளிப் படிப்பின் பிந்தைய ஆண்டுகளில் கோடு தாழ்ந்துவிடும். பிள்ளை நடுவகுப்பில் இருக்கும்போது வீடு மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

எந்த நகரம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார் என்பதுதான். முதலில் போகிறவர் எல்லாவற்றுக்கும் முழு விலை கொடுக்கிறார்: தங்க இடம், வேலைத் தகவல், எந்தத் தரகரை நம்பலாம் என்ற அறிவு. இரண்டாமவர் முதலாமவரின் அறையில் பாய் விரிக்கிறார். பத்தாமவர் வரும்போது வேலையே பேசி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வருகையும் அடுத்த வருகையின் செலவைக் குறைப்பதால், தொடங்கிவைத்த காரணம் மறைந்த பிறகும் ஓட்டம் தானாகவே நடக்கும்.

இதை நிரூபிப்பது எளிதல்ல. ஆள்தொடர்பு அதிகமுள்ளவர்களுக்கு நல்ல வேலை கிடைப்பது தொடர்பினாலா, இயல்பான திறமையினாலா? கைவன் முன்ஷி 2003-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு மழையைப் பயன்படுத்தினார். மெக்சிகோவின் ஊர்களில் மழை பொய்த்தால் கூடுதல் ஆட்கள் அமெரிக்காவுக்குக் கிளம்புவார்கள். எங்கோ சில ஆண்டுகளுக்கு முன் பொய்த்த மழை, இன்றைய அமெரிக்க வேலைச் சந்தையை நேரடியாகத் தொடாது. ஆனாலும் அப்படி முன்கூட்டி ஆள் பெருகிய ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைப்பதும், விவசாயக் கூலிக்கு வெளியே மேலான வேலை கிடைப்பதும் கூடியிருந்தது. உதவியது நேற்று வந்தவர்கள் அல்ல. சில ஆண்டுகளாகக் காலூன்றியவர்கள். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தொடர்பு ஒருவரை அதே தொழிலுக்கும் அதே தெருவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தத் தொழில் படுத்தால் உதவ வேண்டியவர்களும் சேர்ந்தே படுத்துவிடுவார்கள்.

கணக்கு லாபம் என்றாலும் கிளம்பாதவர்கள் ஏராளம். வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் 2008-ல் ஒரு சோதனை நடந்தது. அறுவடைக்கு முந்தைய பஞ்ச காலத்தில் வெளியூர் வேலைக்குப் போவதற்கு, போகவர பேருந்துக் கட்டணம் அளவுக்கு ஒரு சிறு தொகை சில குடும்பங்களுக்குத் தரப்பட்டது. 22 சதவீதக் குடும்பங்கள் கூடுதலாக ஆள் அனுப்பின; வீட்டில் சாப்பாடும் கூடியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் உதவி இல்லாமலேயே அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவும் போனார்கள். இவ்வளவு சிறிய தொகையே போதுமென்றால், அதுவரை அவர்களைத் தடுத்துவைத்திருந்தது எது? போன இடத்தில் வேலை அமையாவிட்டால் என்ற பயம். சேமிப்பே இல்லாத குடும்பத்துக்கு ஒரு தோல்வி என்பது பட்டினி. சராசரி லாபம் அவர்களுக்கு ஆறுதலாகாது.

இனி, வந்தவர் ஏன் தங்குகிறார்?

நகரம் பெரிதாகும்போது உற்பத்தி அதைவிடச் சற்று வேகமாகப் பெருகுகிறது. லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலியோர் 2007-ல் காட்டியபடி, செல்வம், புதுக் கண்டுபிடிப்பு போன்றவை மக்கள்தொகையின் ஏறத்தாழ 1.15-ஆம் அடுக்கில் வளர்கின்றன. ஆட்கள் 2 மடங்கானால் உற்பத்தி சுமார் 2.2 மடங்கு, தலைக்கு 11 சதவீதம் அதிகம். (பல இடங்களில் 15 சதவீதம் என்று எழுதுகிறார்கள். அடுக்கு எண்ணை அப்படியே சதவீதமாக வாசித்த பிழை அது.) கடுங்குற்றங்களும் கிட்டத்தட்ட இதே அடுக்கில்தான் பெருகுகின்றன. மனிதர்கள் அடிக்கடி சந்தித்துக்கொள்ளும் இடத்தில் நல்லது கெட்டது இரண்டும் வேகமெடுக்கும்.

ஆனால் அந்தக் கூடுதல் சம்பளம் வந்த அன்றே முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஸ்பெயின் நாட்டுச் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளை வைத்து ஹோர்ஹே டி லா ரோகா, டியேகோ புகா செய்த ஆய்வில், பெருநகரத்துக்கு வந்தவுடன் கிடைக்கும் ஏற்றம் பாதிதான். மறுபாதி ஏழெட்டு ஆண்டு வேலை செய்யும்போது மெல்ல மெல்லச் சேர்கிறது. அங்கே கற்றதன் மதிப்பு சிறு நகரத்துக்குத் திரும்பினாலும் பெரும்பாலும் கூடவே வருகிறது. ஆக, கற்றது மட்டும் ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை.

கட்டிப்போடுவது பொருத்தம். அரிதான ஒரு தொழிலுக்கு ஐந்தில் ஓர் ஊரில்தான் வேலை இருக்கிறது என்போம். தம்பதியில் மற்றவரின் தொழிலுக்கும் அப்படியே. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றால் இருவருக்கும் ஒருசேர வேலை கிடைப்பது 25-ல் ஓர் ஊரில்தான். அந்த ஓர் ஊர் அநேகமாகப் பெருநகரம்தான். பிறகு பிள்ளையின் பள்ளி, நம்பிக்கையான மருத்துவர், அவசரத்துக்குச் சாவி கொடுத்து வைக்கும் பக்கத்து வீடு. இவை எதையும் மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது.

தங்கியிருக்கும் காலம் கூடக்கூட வெளியேறும் வாய்ப்பு குறைகிறது என்பது பழைய கண்டறிதல். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன உண்மையான பிணைப்பு. இன்னொன்று வெறும் வடிகட்டல்: ஒத்துவராதவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே போய்விடுவதால், எஞ்சியவர்கள் இயல்பாகவே நிலைப்பவர்களாகத் தெரிவார்கள். இரண்டையும் பிரிக்காமல் "பத்தாண்டு இருந்தவர் போகமாட்டார்" என்று சொல்லிவிடக் கூடாது.

போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? பெரும்பாலும் வாடகை. சம்பளம் 100-லிருந்து 111 ஆகி, வாடகை 25-லிருந்து 36 ஆனால் மிச்சம் அதே 75. கூடுதல் உழைப்பின் பலன் முழுதும் நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் போய்விட்டது. ஆட்கள் சேரும் வேகத்துக்கு வீடு கட்டப்படாத நகரங்களில் இதுதான் நடக்கிறது. அடி வாங்குவது புதிதாக வருகிறவர். முன்பே வீடு வாங்கியவருக்கு அதே விலையேற்றம் சொத்து. வாடகைக்குப் பயந்து விளிம்புக்குப் போனால் நேரம் செலவாகும். மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். வேகமான ரயில் வந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நகரம் விரியும். ரயில் வராமல் நகரம் மட்டும் விரிந்தால் பயணம் மூன்று மணி நேரமாகும், முதலில் கழன்றுகொள்வது இப்படி அலைகிறவர்கள்தான்.

வளர்ச்சி நின்றுவிட்டால் நகரம் உடனே காலியாகிவிடாது. வருகை முதலில் வற்றும். வெளியேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். கட்டிய வீடுகள் பல பத்தாண்டு நிற்பதால் அவற்றின் விலை சரிகிறது. வேறெங்கும் அந்த விலைக்கு வீடு கிடைக்காது என்பதற்காகவே குறைந்த வருமானக்காரர்கள் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.