பேய்ப் படம் பாத்து பயந்து சிரிச்சு கடைசில கோவம் வருதே, அது எப்பிடி?

பேய்ப் படத்துல கதவு படார்னு அடிக்கும்போது கண்ணு தானா மூடுது பாருங்க, அதுக்கு நாம யோசிக்கவே தேவயில்ல. காதுல விழுந்த சத்தம் மூளைத்தண்டு வழியா நேரா தசைக்கு ஓடிரும், இமை மூட ஒரு செக்கன்ல இருபதுல ஒரு பங்கு போதும், "என்னா சத்தம்"னு கேக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

அடுத்தது அட்ரினலின். சிறுநீரகத்துக்கு மேல இருக்குற ரெண்டு சுரப்பி அத ரத்தத்துல விடுது, நெஞ்சு அடிக்குது, கை வேர்க்குது. வந்தது பேய் இல்ல, பூனதான்னு தெரிஞ்சதும் மனசு ஆறிரும், ஆனா ரத்தத்துல அது பாதியா குறையவே ரெண்டு மூணு நிமிசம் ஆகும். அந்த நேரம் பாத்து ஒரு ஜோக் உட்டா சாதாரண ஜோக்குக்கும் வயிறு வலிக்க சிரிப்போம்.

டால்ஃப் ஸில்மன்னு ஒரு உளவியல்காரர் இதத்தான் நோண்டுனாரு. 1975ல அவரோட குழு ஆளுங்கள சைக்கிள் மிதிக்க வச்சு அப்புறம் ஒரு கிளுகிளுப்புப் படம் போட்டு காட்டுனாங்க. மிதிச்ச கையோட பாத்தவங்களுக்கு படம் பெருசா ஏறல, ஏன்னா மூச்சு வாங்குறது சைக்கிளாலதான்னு அவங்களுக்கே தெரியும். உடம்பு முழுசா ஆறுனவங்களுக்கும் ஏறல. நடுவுல ஒரு கட்டம் இருக்கு, நாம ஆறிட்டோம்னு மனசு நெனைக்கும், ஆனா உடம்பு ஆறியிருக்காது, அந்த நேரம் பாத்தவங்களுக்குத்தான் படம் ரொம்ப கிளுகிளுப்பா இருந்திச்சாம். அதாவது மிச்சமிருக்குற படபடப்புக்கு சொந்தக்காரன் யாருன்னு உடம்புக்கு தெரியாது, அந்த நேரம் எது கண்ணுக்கு முன்னால நிக்குதோ அதோட ஒட்டிக்கும். சிரிப்போ, காதலோ, கோவமோ.

சமூகப் பிரச்சினை பேசுற பேய்ப் படம் ஓடுறது இந்த இடத்துலதான். 1995ல ரஸ்டி கண்டீஃப் எடுத்த அமெரிக்கப் படம் டேல்ஸ் ஃப்ரம் த ஹுட் அப்பிடித்தான், சவச்சாலைக்காரர் ஒருத்தர் கதை கதையா சொல்லுவாரு, பேய் வரும், ஆனா மொதக் கதையில வில்லன் பேய் இல்ல, கறுப்பினத்து ஆள அடிச்சு கொல்ற பொலிஸ்காரன். பேய்க்கு பயந்த படபடப்பு அப்பிடியே அவன் மேல கோவமா மாறிரும்.

ரெண்டாம் பாகம் 2018ல வந்திச்சு, 23 வருசம் கழிச்சு. இரண்டாம் பாகத்துக்கு ஒரு சிக்கல் இருக்கு, ஒரே மாதிரி சத்தத்த திரும்பத் திரும்ப கேட்டா அந்த திடுக்கிடல் கொறஞ்சுக்கிட்டே போகும், உடம்பு பழகிரும். ஆனா இது குட்டிக் கதைகளா வர்ற படம், கதை சொல்ற சவச்சாலைக்காரர் பாத்திரம் மட்டும்தான் பழசு (நடிச்சவர் வேற ஆளு), மத்ததெல்லாம் புதுசு, அதனால பழக நேரம் இல்ல. இந்த தடவ அவர் கதை சொல்றது ஒரு பொலிஸ் ரோபோவுக்கு, மனுசன பத்தி அது படிக்கணுமாம்! எனக்கு சில கதைங்க சுமார்தான். ஆனா கடைசிக் கதையில 1955ல மிசிசிப்பில வெள்ளக்காரங்க கொன்ன 14 வயசு எம்மெட் டில் வர்றான், அங்க ஜோக்க சுருட்டி வச்சிட்டாங்க. அது வரைக்கும் ஏத்தி வச்ச படபடப்பு மொத்தமும் அந்த பையன்கிட்ட போய் நிக்குது, சரியான கணக்கு.

நம்ம இலங்கை மலையகத்து தேயிலத் தோட்டத்துல இப்பிடி ஒண்ணு எடுக்க கதைக்கா பஞ்சம்? லயத்து வீட்டு இஸ்தோப்புல (திண்ணையில) கரண்ட் போன ராத்திரி பெரியாளுங்க சொல்ற, தேயில ஃபேக்டரிக்கு காவல் சாமியான ரோதமுனி கதையும் பழைய பங்களா துரை கதையுமே ரெண்டு பாகத்துக்கு காணும். நான் எழுதுனா மொதக் கதை, தோட்டத்துல வேல வாங்கி கொழுந்து நிறுக்குற கணக்கப்பிள்ளை, செத்துப்போனவருதான். மிஸ்ட்டுக்குள்ள தராசோட நிப்பாரு, கொழுந்து நிறுக்கவர்ற பொம்பளைங்க அலறிருவாங்க, அவரு பேயானப்புறமும் பழக்கதோசத்துல "எலையில இருக்குற தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிவு"ம்பாரு, தியேட்டரே சிரிக்கும். சிரிச்சு ஒரு ரெண்டு நிமிசம் போகட்டும், அப்புறம் அந்த பொம்பளைங்கள்ல ஒருத்தியோட சம்பளச் சீட்ட திரை முழுக்க காட்டணும்.